முன்வரிசை அழுகை

கள்ளக்குறிச்சியில் பாட்டுக் கேட்டு அழுகிறவர்களைப் பதினோரு வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பெயர் பச்சமுத்து, சொந்த ஊர் நைனார்பாளையம், தொழில் மைக் செட். கச்சேரியில் எல்லோரும் பாடுகிறவரைப் பார்ப்பார்கள். மேடையோரம் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்குப் பாடுகிறவரின் காதோரமும் கேட்கிறவர்களின் மூஞ்சியும்தான் தெரியும். காதோரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூஞ்சிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கீத ரசிகர் மன்றம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் மில் சின்னதுரை. அவருடைய நெல் மில்லின் களத்தில்தான் கச்சேரி நடக்கும். நெல் காயப்போடுகிற சிமெண்டுத் தரையில் பந்தல், ஜமுக்காளம், முன்னால் இருபது நாற்காலி. பின்னால் மில்லில் வேலை செய்கிற ஆண்களும் பெண்களும் நின்றுகொண்டு கேட்கலாம், ஆட்சேபணை இல்லை. உட்காரத்தான் கூடாது.

ஆரம்பத்தில் இவர்கள் யாரும் அழுததில்லை. முதல் இரண்டு வருஷம் கொட்டாவிதான் விட்டார்கள். அந்தக் கொட்டாவியில் பொய் கிடையாது. மூன்றாம் வருஷம் காவிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வித்வான் வந்து பாடினார். பொன்னாடை போர்த்தும்போது, "கேக்கறவன் கண்ணு கலங்கலேன்னா சங்கீதம் அவனுக்குப் போய்ச் சேரலேன்னு அர்த்தம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கச்சேரியிலிருந்து முன்வரிசையில் ஒரு கண்கூட உலர்ந்து இருக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. சின்னதுரை தோளில் போட்டிருக்கும் ஈரிழைத் துண்டை எடுத்து, முதலில் இடது கண்ணில் ஒற்றுவார், பிறகு வலது கண்ணில். கடைசியில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு தோளைக் குலுக்குவார். வக்கீல் ராசு துடைக்கவே மாட்டார். ஒரே ஒரு சொட்டை வரவழைத்துக் கன்னத்தில் நிற்கவிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார், நாலு பேர் பார்க்க வேண்டாமா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். சோகமான ராகம் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைப் போட்டுக்கொள்வார். அது கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு ஏறும். மனுஷர் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

யார் முதலில் அழ வேண்டும் என்பதற்கும் முறை இருந்தது. சின்னதுரையின் துண்டு மேலே போக வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள். ஒரு தடவை வக்கீல் அவசரப்பட்டு ஆலாபனையிலேயே சொட்டை விட்டுவிட்டார். சின்னதுரை அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

கச்சேரி முடிந்ததும் மினிட்ஸ் நோட்டில் எழுதுவார்கள். "ரசிகர்கள் கண்ணீர் மல்கினர்" என்று எழுதப்பட்ட பாடகருக்கு மறுபடி அழைப்பு உண்டு. ஒரு தடவை இளவயசுக்காரர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் களத்தையே குதூகலமாக்கினார். என் கால் என்னைக் கேட்காமல் தாளம் போட்டது. பின்னால் நெல் கிளறுகிற சின்னப்பொண்ணு துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். நோட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஈரமில்லை." அந்தப் பிள்ளை அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் எழுபத்து மூன்றாம் வருஷம் திருநாவலூரிலிருந்து தைலம்மாள் வந்தார்.

மன்றம் ஒரு பாட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பிப்பதாக இருந்தது. மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. பாட்டு வாத்தியாராக வருகிறவருக்கு அந்த வீடும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவர் கச்சேரி. ரசிகர்கள் அழுதால் வேலை நிச்சயம் என்று சின்னதுரை வாயாலேயே சொல்லியிருந்தார்.

தைலம்மாளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும்தான். காலையிலேயே வந்து மில் ஆபீஸ் பக்கத்து அறையில் தங்கியிருந்தார். மைக்கின் உயரம் பார்க்க வந்தபோது என்னோடு நாலு வார்த்தை பேசினார்.

"அம்மாவுக்கு ரெண்டு மாசமா முடியலைண்ணே. வரமாட்டேன்னுதான் சொன்னேன். போடி, போய் பாடிட்டு வா, அந்த வூடு கெடச்சா என்னையும் கூட்டிக்கினு போய் வச்சுக்கலாம்னு தொரத்தி வுட்டாங்க. இங்க பெரிய டாக்டருங்கல்லாம் இருக்காங்களாமே."

"இருக்காங்கம்மா" என்றேன். சுருதிப் பெட்டியை இழுத்து ஒரு தடவை குரலைச் சேர்த்துப் பார்த்தார். பின்னால் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெறும் சுருதிக்கே அவர் குரல் அப்படிப் போய் ஒட்டியது. பதினோரு வருஷத்தில் நான் கேட்ட குரல்களில் எனக்குப் பிடித்தது அந்தக் குரல்தான். பிடித்தது என்று சொல்கிறேனே தவிர, அதற்காக நான் என்ன கிழித்தேன் என்பது இனிமேல் தெரியும்.

பன்னிரண்டரை மணிக்கு நான் ஏணி மேல் நின்று வேப்பமரத்தில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஹாரன். ஒன்று களத்தைப் பார்த்து, இன்னொன்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து. பாட்டு ஊருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்பது சின்னதுரையின் ஆசை. தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். சின்னதுரை கையெழுத்துப் போட்டு வாங்கி, வக்கீல் ராசுவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மரத்தடியில்தான் நின்றார்கள். மேலே ஒரு ஆள் இருப்பது நினைப்பில் இல்லை.

"பாட்டுக்காரம்மாவுக்குத்தான். தாயார் தவறிட்டாங்களாம், ஒடனே பொறப்படணுமாம்" என்றார் வக்கீல்.

சின்னதுரை தந்தியைத் திரும்ப வாங்கினார். நாலாக மடித்தார்.

"அஞ்சு மணிக்குள்ள கச்சேரி முடிஞ்சிடும். முடிஞ்சதும் குடுத்துக்கலாம். இப்ப குடுத்து இன்னா ஆவப்போவுது? போன உசுரு திரும்பி வரப்போவுதா?"

"அதுவும் சரிதான். ஆர்.டி.ஓ. வேற வர்றாரு" என்றார் வக்கீல். நாலு சட்டம் படித்தவர் சொன்ன தீர்ப்பு அது.

தந்தி சின்னதுரையின் சட்டைப் பைக்குள் போனது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"பச்சமுத்து, எதுனா காதுல வுழுந்துதா?"

"இன்னாங்க முதலாளி?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. ஒயர இறுக்கிக் கட்டு."

இறுக்கிக் கட்டினேன். ஊரிலுள்ள கல்யாணம், மஞ்சள் நீர், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எந்த மைக் செட் என்று கேட்டால் அவர் கை காட்டுகிற இடத்துக்குத்தான் வருவார்கள். அவர் கை என் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நினைத்தேன். வேறு எதையாவது நினைத்தேன் என்று இப்போது சொன்னால் நானும் துண்டை எடுத்து ஒற்றிக்கொள்கிற கோஷ்டிதான்.

ஏணியை விட்டு இறங்கினபோது மணி ஒன்று. தைலம்மாள் வெளியே வந்து, "அஞ்சு மணி பஸ் கெடைக்குமாண்ணே? ராத்திரிக்குள்ள வூடு போயிடணும். அம்மா தனியா இருக்காங்க" என்று கேட்டார்.

"கெடைக்கும்மா" என்றேன். ஒன்றேகாலுக்கு உளுந்தூர்பேட்டைக்கு ஒரு பஸ் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

கச்சேரி ஆரம்பமானது. வயலினும் மிருதங்கமும் சேலத்துக்காரர்கள். ஆர்.டி.ஓ. நடுவில், அவருக்கு வலது பக்கம் சின்னதுரை, இடது பக்கம் வக்கீல், அடுத்து தலைமையாசிரியர். தைலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சபையைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது, கையை ஆட்டி ஆட்டி வித்தை காட்டுவது எதுவும் இல்லை. பாட்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நின்றது. மூன்றரை மணி வரைக்கும் முன்வரிசைக்கு அழ வழி கிடைக்கவில்லை. தலைமையாசிரியர் பொடி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

சின்னதுரை ஒரு சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். என்ன பாட்டு வேண்டும் என்று தலைவர் சீட்டு அனுப்புவது வழக்கம். சீட்டு என் பக்கமாகத்தான் மேடைக்குப் போனது, பார்த்தேன். தாயைப் பிரிந்த மகள் ஒருத்தி தாயை நினைத்துப் பாடுவதாக ஒரு விருத்தம் உண்டு. முகாரி ராகத்தில் அதைப் பாட வேண்டுமாம்.

சீட்டிலிருந்து சின்னதுரையின் சட்டைப் பைக்குக் கண் போனது. அந்த மனுஷன் மறந்துபோய் எழுதவில்லை. தந்தி பைக்குள் இருக்கிறது, நெஞ்சுக்கு மேலேயே இருக்கிறது. அது தெரிந்துதான் எழுதினார். இன்றைக்கு இந்தப் பாட்டைக் கேட்டால் தனக்கு அழுகை பிரமாதமாக வரும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டுக்கொள்வதைப் போல ஒரு ருசி.

தைலம்மாள் சீட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். முகாரியை எடுத்தார். அவருக்கும் வீட்டு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். குரல் கீழே இறங்கி, இறங்கின இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. சின்னதுரையின் துண்டு மேலே போனது. இடது கண். வலது கண். வக்கீலின் சொட்டு வெளியே வந்தது. பொடி தன் வேலையைக் காட்டியது. ஆர்.டி.ஓ. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைத் தேடினார். ஐந்து நிமிஷத்தில் இருபது நாற்காலியும் விசும்பியது.

எனக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு மலைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் வெள்ளச்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஊர். ஒரு மூட்டை சாமையை மில்லில் போட வந்தவர். கச்சேரி முடிந்தால்தான் எடை போடுவோம் என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். காலையில் பஸ் ஏறி வந்தவர், பாவம், மூட்டை மேல் கையை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவர் என் தோளைத் தொட்டார்.

"ஏம்பா, செத்தது யாரு?"

"இன்னாம்மா?"

"இத்தினி ஆம்பளைங்க ஒண்ணா குந்திக்கினு அழுவுறாங்களே. நடுவுல அந்தப் பொண்ணு இழுத்து இழுத்துப் பாடுது. யாரு பூட்டாங்க?"

அவர் ஊரில் பாட்டு நிறைய உண்டாம். நடவுக்கு, களையெடுக்க, திருவிழாவுக்கு, பெண் கேட்கப் போக. எந்தப் பாட்டுக்கும் அழ மாட்டார்களாம். சாவு விழுந்தால் மட்டும்தான் ஒருத்தி நடுவில் உட்கார்ந்து பாடுவாளாம், சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் அழுவார்களாம். அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். பார்த்ததும் சாவு வீடு என்று முடிவு கட்டிவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மணி நேரமாக அடக்கி வைத்திருந்த சொல், கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது.

"அந்தப் பாட்டுக்காரம்மாவோட அம்மா. இன்னிக்குக் காலையில."

"அட பாவமே. இதுதான் பொண்ணா?" அவர் மடமடவென்று மூட்டைக் கட்டை அவிழ்த்தார். "எங்க ஊருல சாவுன்னா வெறுங்கையோட குந்தமாட்டோம். தானியம் கொண்டுபோய் அந்த வூட்டுப் பொம்பளை மடியில போடணும். நான் மத்தியானத்துலேருந்து சும்மா குந்திக்கினு கெடக்குறேன். இன்னா நெனைப்பாங்க என்னப்பத்தி?"

"அம்மா, இருங்க. அவங்களுக்கு இன்னும்" என்று ஆரம்பித்தேன். அவர் முந்தானை நிறையச் சாமையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு எட்டு வைத்துப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. என் கையால் நடக்காத காரியம் அந்த அம்மா கையால் நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

முன்வரிசை அவரைத் தடுத்திருக்கும். ஆனால் இருபது பேரும் கண்ணை மூடியோ துண்டை வைத்தோ இருந்தார்கள். வெள்ளச்சி மேடைப் படி ஏறி, மிருதங்கக்காரரைச் சுற்றிப் போய், தைலம்மாளுக்கு எதிரில் மண்டியிட்டு, சாமையை அவர் மடியில் கொட்டினார். தொடையில் கிடந்த கை மேல் தானியம் விழுந்தது. பாட்டு நின்றது. தைலம்மாள் கண்ணைத் திறந்தார்.

"ஆயி பூட்டாங்களாமே கண்ணு" என்றார் வெள்ளச்சி. மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. "தெரியாம குந்தியிருந்துட்டேன். மனசுல வச்சுக்காத."

இரண்டு ஹாரனிலும் கேட்டது. துண்டுகள் இறங்கின. சின்னதுரை என்னைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார். மைக்கை நிறுத்து என்று அர்த்தம். என் கை வால்யூம் திருகின் மேல் இருந்தது. இடது பக்கம் திருப்பினால் எல்லாம் அடங்கிவிடும். நான் வலது பக்கம் திருப்பினேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் அரை அங்குலம்.

"யாரு சொன்னது?" என்று தைலம்மாள் கேட்டார்.

"அந்த ஒயர்காரருதான்."

தைலம்மாள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் சின்னதுரையின் சட்டைப் பையைக் காட்டினேன்.

"முதலாளி, எனக்கு எதுனா சேதி வந்துதுங்களா?"

சின்னதுரை எழுந்தார். அவ்வளவு கூட்டத்தில் வேறு வழியில்லை. தந்தியை எடுத்து நீட்டினார். "கச்சேரி முடிஞ்சதும் குடுக்கலாம்னுதான்மா. நல்ல சகுனமா ஆரம்பிச்சிருக்கோம், எதுக்கு நடுவுலன்னு."

தைலம்மாள் அதைப் படித்தார். அப்புறம் அழுதார்.

அந்த அழுகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சுருதியில் இல்லை. இரண்டரை மணியிலிருந்து ஒரு இழை பிசகாமல் இருந்த குரல், கட்டையாக, கரகரவென்று, மூச்சு முட்டி முட்டி வந்தது. மூக்கு ஒழுகியது. கேட்க நன்றாக இல்லை. ஹாரன் அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் கொட்டியது.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். இருபது பேர். ஒரு கண்ணில்கூட ஈரம் இல்லை. வக்கீல் கன்னத்துச் சொட்டைப் புறங்கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் டப்பாவைப் பைக்குள் போட்டார். ஆர்.டி.ஓ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மைக்க நிறுத்துய்யா, காதக் கொடையுது" என்றார் ஒருவர். வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "ராகம் நல்லா கூடி வந்துக்கினு இருந்துது. அந்த ஒரு அடிய முடிச்சிட்டாவது எழுந்திருக்கலாம்."

பின்னால் நின்றவர்கள்தான் முன்னால் வந்தார்கள். சின்னப்பொண்ணு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெள்ளச்சி தைலம்மாளின் மடியில் கிடந்த சாமையை அவர் முந்தானையிலேயே முடிச்சுப் போட்டார். "இத கீழ கொட்டக்கூடாது. வூட்டுக்குக் கொண்டுபோய் ஒல வச்சுப் போடணும்" என்றார். தன் மூட்டையைச் சுவரோரமே விட்டுவிட்டு, தைலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே உளுந்தூர்பேட்டை வண்டி கிளம்பி வாசலில் நின்றிருந்தது. ஹாரனில் கேட்டுவிட்டுக் கண்டக்டரே நிறுத்தி வைத்திருந்தாராம். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தாராம். இதெல்லாம் வெள்ளச்சி திரும்பி வந்து சொன்னது. அந்தப் பஸ்ஸில் ஒருவர்கூட ரசிகர் மன்றத்தில் உறுப்பினர் கிடையாது.

வெள்ளச்சியின் சாமையை மில்லில் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நல்ல காரியத்தில் சாவுத் தானியம் கொட்டினவளாம். அவர் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மினிட்ஸ் நோட்டில் "ஒலிபெருக்கி அமைப்பாளரின் கவனக்குறைவால் நிகழ்ச்சி தடைபட்டது" என்று எழுதினார்கள். பாட்டு வாத்தியார் வேலையும் இரண்டு அறை வீடும் வேறு யாருக்கோ போயிற்று.

நாலு மாதம் கழித்துத் திருநாவலூரில் ஒரு திருவிழாவுக்கு மைக் கட்டப் போனேன். விசாரித்துக்கொண்டு தைலம்மாள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நல்ல வார்த்தை நாலு கேட்கலாம் என்றுதான் போனேன். அத்தனை பெரிய மனுஷர்கள் முன்னால் மைக்கை நிறுத்தாதவன் அல்லவா நான்.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நாலு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முகம் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ஆறு மணி வரைக்கும் வச்சிருந்தாங்களாம். இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்னு எடுத்துட்டாங்க. நான் ஏழரைக்கு வந்தேன்." பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். "தந்தி எப்பண்ணே வந்துது?"

"பன்னெண்டரைக்கு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"ஒண்ணு மணிக்கு நான் உங்ககிட்ட பஸ்ஸ பத்திக் கேட்டேன்."

"ஆமாம்மா."

"ஒண்ணேகாலுக்கு ஒரு பஸ் இருந்துதாம். அதுல வந்திருந்தா நாலு மணிக்கு வந்திருப்பேன்." அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. "மலையிலேருந்து வந்த அம்மா கேட்டதும் சொல்லிட்டீங்க. நான் கேட்டப்ப ஏண்ணே சொல்லல?"

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். முன்வரிசையில் இருபது நாற்காலி என்று சொன்னேன் அல்லவா. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்த ஸ்டூலையும் சேர்த்தால் இருபத்தொன்று.

மறு வருஷம் மன்றத்தின் ஆண்டு விழா. என்னை விலக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் கச்சேரிக்குத் தகுந்த மைக் ஊரில் என்னிடம்தான் இருந்தது. புதுப் பாடகரை உட்கார வைத்துவிட்டு சின்னதுரை வரவேற்புரைக்கு எழுந்தார். அறுவடைக் காலம். உள்ளே நெல் குத்துகிற ஹல்லர் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சங்கீதத்துக்காக மில்லை நிறுத்துகிற வழக்கம் அவரிடம் இல்லை.

"சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு தெய்வீக நிகழ்ச்சி நடந்தது" என்று ஆரம்பித்தார். "திருநாவலூர் தைலம்மாள் அவர்கள், தன் தாயார் மறைந்த செய்தியை அறியாமலே, தாயைப் பற்றிய பாடலை, யாரும் கேட்காமல் தாமாகவே எடுத்து."

யாரும் கேட்காமல். தாமாகவே.

இந்தத் தடவை வால்யூம் திருகை இடது பக்கம் திருப்பினேன், முழுவதும். ஹாரன் இரண்டும் வாயை மூடிக்கொண்டன. ஹல்லர் இரைச்சலில் அவர் குரல் மேடையைத் தாண்டவில்லை. சின்னதுரைக்கு அது தெரியவில்லை. உருக்கமாகப் பேசிக்கொண்டே போனார். உதடு அசைந்தது, கை மேலே போனது, கீழே வந்தது. முன்வரிசையில் யாருக்கும் ஒரு சொல் கேட்டிருக்காது. ஒருவரும் அதை முகத்தில் காட்டவில்லை.

பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தார். இடது கண், வலது கண். வக்கீலின் கன்னத்தில் சொட்டு வந்து நின்றது. தலைமையாசிரியர் குலுங்கினார். இருபது நாற்காலியும் அழுதது.

பின்னால் நின்ற சின்னப்பொண்ணு மட்டும் கையைக் காதருகில் வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்குச் சைகை காட்டினாள். கேட்க ஒன்றுமில்லை என்று நானும் கையை ஆட்டினேன்.